தொட்டிக்குள் கூட்டுக்குடித்தனம்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஜாதகம் பார்ப்பவர் யாரும் இல்லை. அதனால் ஏஞ்சலும் நியான் டெட்ராவும் ஒரே தொட்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் போகின்றன. வாங்குபவர் பார்ப்பது நிறப் பொருத்தம் மட்டும். வளர்ந்த ஏஞ்சல் நியானை விழுங்கும். டைகர் பார்ப் அந்த ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கடித்துக் குதறும். ‘கண்ணாடியைச் சுத்தம் பண்ணும் சார்’ என்று தலையில் கட்டப்படும் சக்கர் மீனோ, ஓர் அடியைத் தாண்டி வளர்ந்து, மற்றவர்களைக் காலி செய்யச் சொல்லும். விரலளவில் வந்து சேரும் ஆஸ்கரும் அப்படித்தான்: அதன் வாயில் அடங்குகிற எதுவும் சகவாசி அல்ல, சாப்பாடு.

தரை விஷயம் இன்னும் வேடிக்கை. சோபா உறைக்குத் தோதாக நீலக் கல் வாங்குகிறார்கள். மீசையால் அடியைத் துழாவி இரை தேடும் கோரிடோராஸுக்கு வேண்டியது மென்மணல். கூர்க்கல்லில் மீசை புண்ணாகும். சிலர் அழகுக்கென்று பவழச் சில்லு கொட்டுவார்கள். அது மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டும், போர் தண்ணீரில் இருப்பது போதாதென்று! மொல்லியும் கப்பியும் சமாளிக்கும். மென்னீர் கேட்கும் டெட்ராவுக்கு ஆகாது.

கடையில் விலை கேட்கும்போதே, வளர்ந்தால் எத்தனை அங்குலம் என்றும் கேட்டுவையுங்கள்.