தலகாணிப் பெரியம்மா

மழை விட்டு மேட்டு லயத்துத் தகரத்தில் கொஞ்சம் வெயில் விழுந்தால் போதும், கதவு தட்டப்படும். "தம்பி, தலகாணிய எடு. வெயிலு வந்திருச்சு." ராத்திரி முழுக்கத் தேயிலை ஸ்டோரில் நின்றுவிட்டு வந்து அப்போதுதான் கண் அசந்தவனுக்கு இதைவிடக் கொடிய வாக்கியம் தமிழில் கிடையாது. எடுத்துக் கொடுக்காவிட்டால் அவரே உருவிக்கொள்வார். மேலே தலை இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் பெரியம்மாவுக்கு இல்லை.

இறக்குவானைப் பக்கம் இவர் யாருக்கோ மாமியாராக இருப்பார். எட்டியாந்தோட்டையில் மூத்த அண்ணி. தெரணியகலையில் பென்சன் வாங்கிய பிள்ளைக்காம்பரா ஆயாம்மா. பாதி தேயிலையும் பாதி இறப்பருமாக இருக்கும் எங்கள் தோட்டத்தில் பெரியம்மா. யாருக்குப் பெரியம்மா என்று கேட்கக் கூடாது. தும்முகிற எல்லோருக்கும்தான்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. பால் வெட்டப் போனார், வந்தார், தன் வேலையைப் பார்த்தார். பேரப் பையனுக்கு இழுப்பு வந்து இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கிளினிக்கில் டொக்டர் ஒரு விசயம் சொல்லியிருக்கிறார். வீட்டுத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத உண்ணி ஒன்று இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோலைத் தின்று, மெத்தையிலும் தலையணையிலும் குடியிருக்கும். அதன் எச்சம் மூக்குக்குள் போனால் சிலருக்குத் தும்மல், சிலருக்கு இழுப்பு. டொக்டர் இதைப் பேரனுக்காகத்தான் சொன்னார். பெரியம்மா தோட்டம் முழுவதற்குமாகக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று தொடங்கியது தலகாணிப் போர்.

வெயிலில் காயப்போடுவதில் பிழை ஒன்றுமில்லை. நல்ல வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்தால் உண்ணி வற்றிச் செத்துப்போகும் என்பது ஆராய்ச்சிக்காரர்களும் ஒத்துக்கொண்ட சங்கதி. ஆனால் இது இரத்தினபுரி. வருசத்துக்கு 3500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் விடாது. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி இடிமழை வந்து நிற்கும். இடையில் கிடைக்கிற வெயிலையும் இறப்பர் மரங்கள் மேலேயே வாங்கிக்கொள்கின்றன. லயத்து வாசலில் தரைக்கு வருவது எச்சில் வெயில்தான். ஆகவே பெரியம்மா வெயிலைத் தேடிப் போவார். கையில் இரண்டு, கக்கத்தில் இரண்டு, தலையில் மூட்டையாக மிச்சம்.

முதலில் தேயிலைச் செடிமேல் பரப்பினார். கொழுந்து எடுக்க வந்த பெண்கள் சத்தம் போட்டார்கள், கங்காணி அதற்கு மேல் சத்தம் போட்டார். பிறகு ரோட்டோரத்து மதகு. லொறி போனபோது ஒரு தலகாணியும் ஆற்றோடு போனது. கடைசியில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரைக் கண்டுபிடித்தார். சுற்றிலும் மரமில்லை, காலை வெயில் நேராக விழும். ஒருநாள் மேட்டு லயத்துத் தலகாணிகள் அத்தனையும் அந்தச் சுவரில் வரிசை கட்டி உட்கார்ந்திருந்தபோது தொரையின் ஜீப் வந்து நின்றது.

"என்ன இது?"

"பூச்சிங்க தொரை."

தொரை குனிந்து பார்த்தார். "எங்க?"

"கண்ணுக்குத் தெரியாதுங்க. நம்ம மேலேருந்து உதிர்ற தோலத் தின்னுட்டுக் கெடக்கும். பங்களாவுல இன்னும் கூட இருக்குங்க தொரை, அங்க மெத்தை பெருசு."

கணக்கப்பிள்ளை தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொரை தலகாணிகளைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "மழை வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வந்தது. இந்த ஊர் மழை பெய்யப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. பெரியம்மா கூப்பாடு போட, லயத்துச் சனமெல்லாம் மடுவத்துக்கு ஓடிக் கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வந்தோம். அன்றிரவு எனக்கு வாய்த்த தலகாணியில் யார் தலைக்கோ வைத்த வேப்பெண்ணெய் மணந்தது. என்னுடையது யாரிடம் போனதென்று இன்றுவரை தெரியாது.

இதில் இன்னொரு கொடுமை. நனைந்த தலகாணி இந்தக் காற்றில் லேசில் காயாது. உள்ளே பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டு பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணமும் இழுப்பைக் கிளப்பும் சாமான்தான். உண்ணி தண்ணீர் தேடிப் போய்க் குடிப்பதுமில்லை, காற்றிலிருக்கிற ஈரத்தை உடம்பாலேயே உறிஞ்சி உயிர் வாழ்கிறது. காற்றின் ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே நின்றால் வற்றிவிடும். எங்கள் ஊரில் அது அந்த அளவுக்கு இறங்குவதே அபூர்வம். ஆக, பெரியம்மா பூச்சியைக் கொல்லப் போய், அதற்குத் தண்ணீரும் காட்டிப் பூஞ்சணத்தையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னேன்: "பெரியம்மா, வெயில்ல பூச்சி செத்தாலும் எச்சம் உள்ளதானே கெடக்கும்? அதுதான் தும்ம வைக்குது. உறையக் கழட்டிச் சுடுதண்ணியில அலசுங்க." 55, 60 பாகை சூட்டுத் தண்ணீரில் துவைத்தால் உண்ணியும் சாகும், எச்சமும் கழுவப்படும். இது நான் படித்துத் தெரிந்துகொண்டது.

"எச்சத்துக்குத்தான் மிலாறு வச்சிருக்கேன்" என்றார்.

அந்த மிலாற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, விரல் தடிமன், முனையில் கவைபோல் பிரிந்திருக்கும். இஸ்தோப்பில் தலகாணியை நிறுத்திவைத்து அதனால் வெளுப்பார். சாம்பல் நிறத்தில் தூசி கிளம்பி மூன்று வீட்டு வாசலுக்குப் போகும். முதலில் பக்கத்து வீட்டு அக்கா தும்முவார். பிறகு அவர் பிள்ளைகள். பிறகு நான். ஒவ்வொரு தும்மலுக்கும் பெரியம்மா முகம் மலரும். "பாத்தியா, எவ்வளவு இருந்திருக்கு!" அவரைப் பொறுத்தவரை நாங்கள் தும்முவது வியாதியல்ல, சாட்சி.

மற்றச் சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சன்னலுக்குத் திரைச்சீலை கூடாது. பிள்ளைகளுக்குப் பஞ்சுக் கரடி கூடாது. கரப்பொத்தானுக்குச் சோறு போடுகிற மாதிரி எச்சில் கோப்பையை இரவில் விட்டுவைக்கக் கூடாது. இது நல்ல சட்டம், கரப்பொத்தானின் எச்சமும் செதிலும் இழுப்புக்குக் காரணம் என்பது உறுதியான விசயம். பூனை படுக்கையில் ஏறக்கூடாது. நுளம்புச் சுருள் கொளுத்தக் கூடாது. இதிலும் அவர் பக்கம்தான் நியாயம். ஒரு சுருள் எரிந்து முடியும்போது 75 முதல் 137 சிகரெட் வரை விடுகிற அளவு நுண்தூசியை விடுவதாக 2003-இல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. வலை கட்டிப் படு என்கிறார், படுக்கிறோம்.

ஸ்டோரிலிருந்து வரும் நான் சட்டையை வெளியே கழற்றிவிட்டுத்தான் காம்பராவுக்குள் போக வேண்டும் என்றும் ஒரு சட்டம் உண்டு. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு தெரிந்தது, இலங்கையின் மார்பு நோய் வைத்தியர் சி. ஜி. ஊரகொட தேயிலைத் தூசியால் தொழிற்சாலைக்காரருக்கு வரும் இழுப்பைப் பற்றி 1970-இலேயே எழுதிவைத்திருக்கிறார். 1977-இல் இலவம்பஞ்சுத் தொழிலாளர்களின் சுவாசத்தைப் பற்றியும் எழுதினார். பெரியம்மா அதையெல்லாம் படித்தவரல்ல. என் சட்டையை உதறிப் பார்த்துச் சொன்னார்.

ஆனால் வெள்ளிக்கிழமை வரட்டும். அந்தியில் சாம்பிராணிச் சட்டியோடு பெரியம்மா வலம் வருவார். தீக்கங்கில் ஒரு பிடி தூளைப் போட்டால் காம்பராவுக்குள் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. பேரன் ஒரு மூலையிலிருந்து இருமுவான்.

"பெரியம்மா, பொகை?"

"சாமிப் பொகைக்கு இழுப்பு வராதுடா."

இந்த இடத்தில் வாதம் முடிந்துவிடும்.

என்றாலும், பேரன் இருமும் ராத்திரிகளில் சுவரில் சாய்ந்து அவனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பவரும் அவர்தான். நான் வேலை முடிந்து வரும்போது அப்படியே இருப்பார். இழுப்புக்கான பம்பை மணி பார்த்துக் கொடுப்பதில் அவர் எந்தத் தாதிக்கும் குறைந்தவரல்ல.

அவர் சாய்ந்திருக்கும் சுவர்தான் எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது. அது இரட்டை லயத்துச் சுவர். முதுகுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம். அவர்களுக்கும் ஒரே சன்னல், எங்களுக்கும் ஒரே சன்னல், காற்று வந்த வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது, ஈர இறப்பர் விறகு எரிகிற புகை படுக்கைக்குத்தான் வரும். தகரத்தில் ஆணி ஓட்டை. மழை அதன் வழியே இறங்கிச் சுவரில் ஊறி, இடுப்பு உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சணம் பூத்திருக்கிறது. சுண்ணாம்பு அடித்தால் ஒரு மழைக்குத் தாங்கும்.

1964-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில் வோர்ஹொர்ஸ்ட் குழுவினர் வீட்டுத் தூசியின் குற்றவாளி இந்த உண்ணிதான் என்று எழுதினார்கள். ஈரம் பிடித்த வீடுகளில்தான் அது பெருகுகிறது என்பதும் அவர்கள் கண்டது. தலகாணியை எத்தனை முறை வெளுத்தாலும் சுவர் ஈரமாக இருக்கும்வரை பூச்சி திரும்பி வரும். சில தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்திருக்கிறது. எங்களுக்கு இன்னும் இல்லை. நாலு தகரம் மாற்றித் தரச் சொல்லிப் பெரியம்மா ஒபிஸுக்கு எத்தனையோ தரம் நடந்துவிட்டார். ஒருமுறை பொலித்தீன் விரிப்பு ஒன்று கொடுத்தார்கள். மற்ற முறைகளில் அதுவும் இல்லை.

உங்கள் தோட்டத்திலும் ஒரு பெரியம்மா இருப்பார். கதவு தட்டினால் தலகாணியைக் கொடுத்துவிடுங்கள், உறையில் மட்டும் பெயர் தைத்து வையுங்கள். மிலாறு எடுத்தால் வீட்டைவிட்டு வெளியே போய்விடுங்கள். கூரைக்கும் சுவருக்குமாக மனு எழுதிக்கொண்டு வந்தால் மாத்திரம், நித்திரையில் இருந்தாலும் எழும்பி வந்து கையெழுத்துப் போடுங்கள்.