ஸ்வோட்டி, ஸ்வோட்டே, ஸ்வோட்டிஹ்: போலிஷ் ரசீது ஒன்றை முன்வைத்து

ரூபாய் நல்ல பிள்ளை. ஒன்றானாலும் லட்சமானாலும் ‘ரூபாய்’ என்றே நிற்கும். இந்த நற்குணத்தை நாம் உணர்ந்ததே இல்லை. உணர வேண்டுமானால் போலந்து நாட்டு ரசீதில் ஒரு தொகையை எழுத்தால் எழுதிப் பார்க்க வேண்டும்.

போலந்தின் பணம் ஸ்வோட்டி. ‘பொன்னாலானது’ என்று பொருள். பெயரெச்சமாகப் பிறந்த சொல் பெயராக உத்தியோகம் பார்ப்பதே தொல்லைகளுக்கெல்லாம் மூலம் என்று முந்தைய ஆய்வாளர்கள் (போன வாரத்து நான்) கருதினர். அக்கருத்து இங்கே மறுக்கப்படுகிறது. குற்றவாளி எண்தான்.

சான்று: ஒன்று என்றால் ஸ்வோட்டி. இரண்டு, மூன்று, நான்கு என்றால் ஸ்வோட்டே. ஐந்து வந்ததும் ஸ்வோட்டிஹ். அது ஆறாம் வேற்றுமைப் பன்மை, ‘பொன்காசுகளின் ஐந்து’ என்பதுபோல. இருபத்தொன்றில் ஒன்று இருக்கிறதே, ஸ்வோட்டிதானே என்று நம்பி எழுதினால் தவறு; ஸ்வோட்டிஹ். இருபத்திரண்டோ மீண்டும் ஸ்வோட்டே. அப்படியானால் பன்னிரண்டு? ஸ்வோட்டிஹ். ஒன்றரைக்குத் தனியாக ஸ்வோட்டேகோ. சில்லறையான குரோஷுக்கும் குரோஷே, குரோஷி என்று இதே கூத்து உண்டு. நூறு குரோஷ் சேர்ந்தால் ஒரு ஸ்வோட்டி என்பது மட்டுமே இதில் எளிது.

வினைச்சொல்லும் இந்தச் சதியில் பங்காளி. மேசைமேல் இரண்டு ஸ்வோட்டி ‘கிடக்கின்றன’. ஐந்து ஸ்வோட்டி ‘கிடக்கிறது’. காசு கூடக் கூடப் பன்மை குறைகிற பொருளாதாரம் இது.

இனி வரலாறு. 1924-இல் பிரதமர் வ்வாடிஸ்வாவ் கிராப்ஸ்கி 18 லட்சம் போலிஷ் மார்க்குக்கு ஒரு ஸ்வோட்டி என்று மாற்றினார். பின்னாளில் ஸ்வோட்டியும் அதே வழியில் வீங்கி, 20 லட்சத்துக்கு ஒரே நோட்டு அடிக்கும் நிலை வந்தது. பியானோ மேதையும் முன்னாள் பிரதமருமான பாடெரெவ்ஸ்கியின் படம் போட்ட அந்த நோட்டின் முதல் வரிசைகளில், அரசமைப்பைக் குறிக்கும் சொல்லில் ஓர் எழுத்து விழுந்துபோயிற்று. பணத்தை அச்சடிப்பவர்களுக்கே எழுத்து பிடிபடாத மொழி என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை.

1995 ஜனவரி 1 அன்று நான்கு சுழியங்களை வெட்டிப் பழைய 10,000-ஐப் புதிய ஒன்றாக்கினார்கள். பணவீக்கத்தின் தழும்பை அழிக்கத்தான் என்பது பொருளாதார நூல்களின் விளக்கம். இக்கட்டுரையின் கண்டுபிடிப்பு வேறு. எல்லாமே ஆயிரக்கணக்கில் இருந்தவரை ‘ஆயிரம்’ என்ற சொல்தான் உருமாறி அடி வாங்கியது. பின்னால் வந்த ஸ்வோட்டி, ஸ்வோட்டிஹ் என்றே நிம்மதியாக இருந்தது. சுழியங்கள் போனதும் அடி முழுவதும் ஸ்வோட்டியின் முதுகுக்கு மாறியது. இந்தக் கோணத்தை அந்நாட்டு மத்திய வங்கி பரிசீலித்ததாகத் தெரியவில்லை.

தேதிக்கு வருவோம். மே மாதம் ‘மாய்’. ஆனால் மே 3 என்பது ‘மூன்றாம் மாயா’, அதாவது மேயினுடைய மூன்றாம் நாள். ‘மூன்றாம் மாய்’ என்றால் மூன்றாவது மே மாதம் என்றாகிவிடும். போலந்துக்காரர்களே செய்யும் இந்தப் பிழையைப் பள்ளியில் திருத்துவார்கள். 1791-இல் அரசமைப்பு நிறைவேறிய நாள் இதே மே 3 என்பதால், தவறாகச் சொன்னால் தேசிய விடுமுறையே இலக்கணப் பிழையாகிவிடுகிறது. பிப்ரவரிக்கு அங்கே ‘லூட்டி’ என்று பெயர். சிரிக்க வேண்டாம், கொடியது, கடுமையானது என்று அர்த்தம், அவர்கள் குளிர் அப்படி. தேதியில் அது லூட்டேகோ ஆகும். நவம்பர் ‘லிஸ்தோபாத்’, இலை உதிர்வு. இவ்வளவு அழகான பெயர்களை வைத்துவிட்டு, அவசரத்துக்கு மாதத்தை ரோமன் எண்ணில் கிறுக்கும் வழக்கமும் அவர்களுக்கு உண்டு. காரணம் இப்போது விளங்கியிருக்கும்: ரோமன் எண்ணுக்கு வேற்றுமை உருபு கிடையாது.

இன்னொன்று, காற்புள்ளி. அங்கே அதுதான் தசமப் புள்ளி. ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளி விடுவார்கள். நம் பழக்கத்தில் 1,500 என்று எழுதி நீட்டினால் கையில் ஒன்றரை விழலாம். அதையும் ஸ்வோட்டேகோ என்றே வாசிக்க வேண்டும்.

ஆகவே அங்கே போகிறவர்கள் தொகையை எண்ணால் எழுதி, அதன் பின்னால் ‘ஸெட்’ எழுத்தையும் குறுக்கே கோடு போட்ட ‘எல்’ எழுத்தையும் மட்டும் போடுங்கள். அந்தச் சுருக்கம் எந்த எண்ணுக்கும் உருமாறாது, புள்ளிகூட வேண்டாம். வாசித்துக் காட்டச் சொன்னால் மட்டும் பேசாமல் கார்டை நீட்டிவிடுங்கள்.