கேசரியில் ஒரு கால்

சின்னப் பிள்ளைகளுக்குப் பூச்சிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதில் ஒரே ஒரு சங்கடம்தான். கேட்டதை உடனே அமலுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பெரியவர்களிடம் இந்த ஆபத்தே கிடையாது. எதைச் சொன்னாலும் "அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டு பேப்பரைப் புரட்டப் போய்விடுவார்கள்.

கோடை விடுமுறைக்கு மகள் வயிற்றுப் பேரனும் பேத்தியும் கோயமுத்தூர் வந்திருந்தார்கள். கூடவே தெருப் பிள்ளைகளும் சேர்ந்து திண்ணையை அடைத்துக்கொண்டார்கள். கையிலிருந்து செல்போனைப் பிடுங்கினால் பதிலுக்கு எதையாவது கொடுக்க வேண்டுமே. பூச்சியைக் கொடுத்தேன்.

முதல் பாடம்: பூச்சி என்றால் ஆறு கால், உடம்பு மூன்று பகுதி. இந்தச் சட்டப்படி எட்டுக்கால் சிலந்தியும் தேளும், கால் எண்ணி மாளாத மரவட்டையும் கட்சியிலிருந்து நீக்கம். எல்லாருக்கும் திருப்தி. சாயங்காலம் பேரன் ஒரு செத்த கரப்பானை மீசையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான். "அப்புச்சி, இதுக்கு அஞ்சு காலுதான் இருக்குது. அப்ப இது யாரு?"

கொஞ்சம் தமிழையும் கலந்து பார்த்தேன். தொல்காப்பியர் மரபியலில் எறும்புக்கு மூன்று அறிவு கொடுத்திருக்கிறார். அந்தக் கணக்கில் பார்வை வராது. பேத்தி பூதக்கண்ணாடியோடு ஒரு கட்டெறும்பைத் துரத்திப் போய்ப் பார்த்துவிட்டு, "கண்ணு இருக்குதே" என்றாள். தொல்காப்பியருக்கு யுகேஜியில் விழுந்தது திருத்தம்.

அடுத்தது குழியானை. கார் ஷெட் ஓரத்தில், மழை படாத புழுதியில் சின்னச் சின்னக் குழிகள். எறும்பு ஒன்று விளிம்பில் கால் வைத்து வழுக்கியதும் கீழேயிருந்து மண்ணை வாரி அடித்தது குழியானை. சறுக்கி விழுந்ததைக் கவ்வி, சாற்றை உறிஞ்சி, சக்கையை வெளியே வீசியது. பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் அது பின்பக்கமாகத்தான் நடக்கும் என்பதையும், வளர்ந்து இறக்கை முளைக்கிறவரை வெளிக்குப் போகவே போகாது, எல்லாம் உள்ளேயே இருப்பு என்பதையும் சொல்லாமல் விட எந்த வாத்தியாருக்கு மனசு வரும்?

மறுநாள் காலை பக்கத்து வீட்டு மருமகள் வந்தாள். "ஏனுங் மாமா, எம்பையனுக்கு என்னத்தச் சொல்லிக்குடுத்தீங்க? கக்கூஸுக்குப் போடான்னா, 'நான் குழியானை'ங்கறான். பொறவால நடந்து வாசப்படியில வேற இடிச்சுக்கிட்டான்."

கறிவேப்பிலைச் செடி விவகாரம் இதைவிடப் பெரியது. இலை மேல் குருவி எச்சம் என்று என் வீட்டுக்காரி தண்ணீர் அடிக்கப் போனபோது அந்த எச்சம் நகர்ந்தது. வண்ணத்துப்பூச்சியின் புழு, சின்ன வயதில் அதற்கு அதுதான் வேஷம். எச்சத்தை யார் தின்னப் போகிறார்கள்? வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிக்கொண்டது. பேரன் விரலால் தொட்டான். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக, இரண்டாகப் பிளந்த கொம்பு ஒன்று வெளியே வந்தது. கூடவே ஒரு வாடை! உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி தொட்டான், மறுபடி வந்தது. காலிங்பெல் கிடைத்த குஷியில் பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். வரிசையில் நின்றபடியே கால்களையும் எண்ணிவிட்டார்கள். பதினாறு.

"முன்னாடி இருக்கற ஆறுதான் நெசம். மத்ததெல்லாம் பொய்க்கால்" என்றேன்.

"பொய்க்கால் குதிரையாட்டமா?" என்றாள் பேத்தி.

அந்தக் கேள்விக்கு அவளுக்கு என்ன பரிசு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவள் கேட்டதோ செடியை. அன்றிலிருந்து அது புழுவின் சொத்து, ஆள் போட்டுக் காவல். "ரசம் தாளிக்க ஒரு கொத்துக்கு நான் யாருகிட்டங்க மனுப் போடணும்?" என்று வீட்டுக்காரி என்னைக் கேட்டாள். காய்க்காரர் கொசுறாகக் கொடுப்பதை வைத்துத்தான் சமையல் நடந்தது.

வண்ணத்துப்பூச்சியும் ஈயும் காலால் ருசி பார்க்கும் என்று சொன்ன அன்று டிபன் கேசரி. பேரன் கண்ணை மூடிக்கொண்டு வலது காலைத் தட்டில் வைத்திருந்தான். வெகுநேரம் கழித்து, "தித்திப்பு ஏறவே இல்லீங் அப்புச்சி" என்றான். முந்திரி ஒன்று விரலிடுக்கில் இருந்தது.

அதோடு போயிருந்தால் தேவலை. லீவு முடிகிற சமயம் சம்பந்தி வீட்டுச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கும் சம்பந்திக்கும் நடுவில் பேத்தி. சம்பந்தி ஜாங்கிரியை எடுக்கப் போனார்.

"அப்பாரு, இருங்க. ஈ அதும்மேல வாந்தி எடுத்துட்டு இருக்குது."

சம்பந்தியின் கை நின்றது. எதிர்வரிசையிலும் நாலைந்து கைகள் நின்றன.

"அதுக்குப் பல்லு இல்லீங் அப்பாரு. கக்கிக் கரைச்சுத்தான் உறிஞ்சும். அப்புச்சி சொல்லிக்குடுத்தாங்க."

நான் அவசரமாக அப்பளத்தை நொறுக்கினேன். சம்பந்தி என்னைப் பார்த்தார், ஜாங்கிரியைப் பார்த்தார். பிறகு அதை ரெண்டு விரலால் எடுத்து, பேத்தியின் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, மரியாதையாக என் இலையில் வைத்தார்.

"நீங்க சாப்பிடுங்க சம்பந்தி. உங்களுக்குத்தான் வெவரம் தெரியுதே."