சேர்வராயன் மலையிலிருந்து வானம்: கேள்வி-பதில்

கே: ஏற்காடு லேடீஸ் சீட்டில் உள்ள தொலைநோக்கியில் சேலம் கிட்டத்தில் தெரிகிறது. அதேபோன்ற ஒன்றை நிலாவுக்குத் திருப்பினால்? (வாசகர், சேலம்)

பள்ளம் பள்ளமாகத் தெரியும். ஆனால் பௌர்ணமியன்று பார்க்காதீர்கள். அன்று வெயில் நிலாவின் முகத்தில் நேராக விழுவதால் நிழலே இருக்காது. வளர்பிறை அஷ்டமியை ஒட்டிப் பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டோரம் பள்ளங்களின் விளிம்பு மின்னும், உட்புறம் கறுத்துக் கிடக்கும். இருட்டுப் பக்கத்தில் தனிப் புள்ளிகளாக ஒளிர்பவை அப்போதுதான் விடியல் காணும் மலையுச்சிகள். 1609-ல் கலிலியோ இந்த நிழல்களைக் கவனித்துத்தான் நிலாவிலும் மலைகள் உண்டு என்றார்.

கே: கடையில் '600 மடங்கு பெரிதாக்கும்' என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, ஆத்தூர்)

மடங்கைக் கேட்காதீர்கள், முன்பக்க லென்ஸ் அல்லது ஆடியின் விட்டத்தைக் கேளுங்கள். தொலைநோக்கியின் முதல் வேலை ஒளியைச் சேர்ப்பது. இருட்டில் நம் கண்மணி சுமார் 7 மில்லிமீட்டர் விரியும். 150 மி.மீ. ஆடி அதைப்போல 450 மடங்குக்கு மேல் ஒளியை வாங்கும். பெரிதாக்குவது கண்ணருகே உள்ள சின்ன லென்ஸின் வேலை. அதை மாற்றினால் மடங்கும் மாறும். விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2 மடங்கு என்பதே பொதுவான வரம்பு. அதைத் தாண்டினால் பிம்பம் பெரிதாகும், தெளிவு கூடாது.

கே: தமிழ்நாட்டில் பெரிய தொலைநோக்கி எங்கே இருக்கிறது? (மாணவர், ஓமலூர்)

ஏற்காட்டுக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில். வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது. 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் அங்கே வேலை தொடங்கியது. 2.34 மீட்டர் ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. நம் கண்ணைப்போல லட்சம் மடங்குக்கு மேல் அது ஒளியைச் சேர்க்கும். அதைக் காண பாப்பு இல்லை, 1982-லேயே காலமாகிவிட்டார். இன்று அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கே: அங்கே என்ன கண்டுபிடித்தார்கள்? (அதே மாணவர்)

நல்ல கேள்வி! 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பிவைத்து ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். கோள் குறுக்கே வராதபோதே நட்சத்திரம் மங்கியது. அமெரிக்கக் குழு ஒன்று விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியால் அதே மங்கலைப் பதிவுசெய்தது. மறைத்தவை யுரேனஸின் வளையங்கள்! அதுவரை யாருக்கும் தெரியாதவை. கண்ணுக்குப் படாத பொருளை அது மறைத்த ஒளியை வைத்தே பிடித்தார்கள்.

கே: காவலூர் 725 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். உயரமான இடம்தானே நல்லது? (வாசகர், மஞ்சக்குட்டை)

உயரம் மட்டும் போதாது. மேகமற்ற இரவு, வறண்ட காற்று, சுற்றிலும் இருட்டு எல்லாம் வேண்டும். ஏற்காட்டில் மூடுபனி வந்து உட்கார்ந்தால் எதிர்வீடே தெரிவதில்லை. அடிவாரத்தில் சேலத்தின் விளக்குகள் வேறு. லடாக்கின் ஹான்லேயில் உயரம், வறட்சி, இருட்டு மூன்றும் சேர்ந்திருக்கின்றன. அதனால்தான் அங்கே 4500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கி வைத்தார்கள்.

கே: மேகம் வந்தால் எல்லாத் தொலைநோக்கியும் மூடிக்கிடக்குமா? (வாசகி, ஏற்காடு)

இல்லை. விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகள் மேகத்தைத் தாண்டி வரும், பகலிலும் வரும். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் வழிகாட்டுதலில் 1970-ல் ஊட்டியில் எழுந்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை அமைத்த சரிவு சுமார் 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. அதனால் அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அந்த ஒரே அச்சில் மெல்லச் சுழற்றினால் போதும், ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். மலையே கருவியின் பாகமாகிவிட்டது!

கே: எங்களிடம் தொலைநோக்கி இல்லை. மகளுக்கு எதைக் காட்டலாம்? (வாசகர், நாகலூர்)

ஜனவரி, பிப்ரவரி முன்னிரவில் தெற்கே, சிரியஸுக்குக் கீழே அகத்திய நட்சத்திரத்தைக் காட்டுங்கள். லண்டன் வானில் அது எழுவதே இல்லை. சுமார் 310 ஒளியாண்டு தொலைவு என்பதால் அவள் பார்க்கும் ஒளி 310 ஆண்டுக்கு முன் கிளம்பியது. 7x50 பைனாகுலர் கிடைத்தால் கார்த்திகைக் கூட்டத்தையும், ஓரியனின் வாள் பகுதியில் புகைபோலத் தெரியும் நெபுலாவையும் காட்டுங்கள்.

கே: புது ரிசார்ட் விளக்குகளால் எங்கள் மலையில் நட்சத்திரங்கள் குறைந்துவிட்டன. என்ன செய்வது? (வாசகி, ஏற்காடு)

இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும். பெரிய ஆடி வானத்தின் ஒளியைச் சேர்க்கும்போது விளக்கின் ஒளியையும் சேர்த்தே வாங்கும். விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. தலைக்கு மூடி போட்டு ஒளியைத் தரைக்குத் திருப்பினால் போதும். பாதையும் தெரியும், கரண்டும் மிச்சம். ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து இதைக் கேளுங்கள். காவலூருக்கு ஒருமுறை பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பார்வையாளர் நேரத்தை விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். பார்த்து வந்த பிள்ளைகளே மறுவாரம் விளக்குகளுக்கு மூடி கேட்பார்கள்.