சாளர நிகழ்வியல்: நூற்பாவும் உரையும்

திறத்தல் விடைவேண்டல் முடிதல் சுருங்கல்
விரிதல் விழித்தல் அயர்தல் என்றாங்கு
எழுவகைப் படூஉம் சாளர நிகழ்வே.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், ஜாவா மொழியில் எழுதிய புரோகிராமின் ஜன்னலுக்கு நேர்வன இத்தனை எனத் தொகை கூறுதல் நுதலிற்று. ஜன்னல், போர்த்துக்கீசியரோடு கப்பலேறி வந்த சொல். ஜாவாவோ தீவின் பெயர். தீவுக்கு ஆகி அங்கு விளைந்த காப்பிக்கு ஆகி, காப்பியிலிருந்து மொழிக்கும் ஆயிற்று. இருமடியாகுபெயருக்கு இனி வேறு உதாரணம் தேட வேண்டாம்.

இவ்வேழும் 1997இல் வந்த ஜேடிகே 1.1 பதிப்பின் விண்டோலிஸனர் என்ற இன்டர்ஃபேஸில் உள்ளன. அதைக் கையில் எடுத்தவன் ஏழு மெத்தடையும் எழுதியே தீரவேண்டும். வேண்டுவது பெரும்பாலும் ஒன்றே. மற்ற ஆறுக்கும் வெற்று அடைப்புக்குறி போட்டு வைப்பது மரபு. இதற்கு இரங்கித்தான் ஏழும் வெறுமையாகவே அமைந்த விண்டோஅடாப்டர் என்ற கிளாஸையும் தந்தார்கள். அதிலும் ஒரு குழி உண்டு. விண்டோகுளோசிங் என்பதில் நடுவில் வரும் பெரிய ‘சி’யைச் சிறியதாக அடித்துவிட்டால் கம்பைலர் வாய் திறவாது, புதிதாக ஏதோ மெத்தட் போலும் என்று மரியாதையாக விட்டுவிடும். நிகழ்வு வரும், பழைய வெறுமையைப் பார்த்துவிட்டுப் போகும். ஜாவா 5இல் ஓவர்ரைடு என்ற குறிப்பு வந்த பின்பே இதற்குக் காவல் ஏற்பட்டது.

இனி, விடைவேண்டலும் முடிதலும். இரண்டும் ஒன்றே என்பாரும் உளர். அவர் குளோசிங், குளோஸ்டு என்னும் ஈறுகளில் மயங்கினார். மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்துவது ஜன்னலைச் சாத்துவதன்று; சாத்தட்டுமா என்று கேட்பது. விருந்தாளி “அப்ப நான் கிளம்பட்டுமா?” என்கிறார். “இருங்க, சேவ் பண்ணாத ஃபைல் ஒண்ணு கிடக்கு” என்று கையைப் பிடித்து உட்கார வைப்பது வீட்டுக்காரர் உரிமை. விருந்தாளி உண்மையிலேயே படியிறங்கிப் போன பின் வருவது முடிதல்.

ஜாவாவின் பழைய ஜன்னலான ஃப்ரேம் இக்கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லாது. விரல் வலிக்கும்வரை அழுத்தலாம். பின்வந்த ஜேஃப்ரேம் வேறு சுபாவம். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது ஒளிந்துகொள்ளும். திரையில் இராது, மெமரியில் இருக்கும். பத்து முறை ஓட்டி, பத்து முறை ‘மூடி’, டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பத்து ஜாவா வரிசையாக உட்கார்ந்திருக்கும். எக்ஸிட் ஆன் குளோஸ் என்று எழுதிவிட்டாலோ, விடைவேண்டல் வரும், அடுத்து புரோகிராமே போய்விடும், முடிதல் வாராது. கோப்பைச் சேமிக்கும் வரிகளை முடிதலில் எழுதிவைத்து, ஒரு வாரம் ஹார்டு டிஸ்க்கைச் சந்தேகித்தவன் இவ்வுரைகாரன்.

சுருங்கலும் விரிதலும் வெளிப்படை. திறத்தல், ஜன்னல் முதன்முறை தோன்றும்போது மட்டும் வரும். ஒளித்து மீண்டும் காட்டினால் வாராது. பெயர் வைப்பது ஒரு தரம்தான்.

விழித்தலும் அயர்தலும் இரட்டைப் பிறவி. பல ஜன்னல்களுள் எது முன்னே வந்து நம் கவனத்தைப் பெறுகிறதோ அது விழிக்கும், மற்றது அயரும். இதில் விளைந்த ஒரு கொடுமையை நேரில் கண்டேன். கல்லூரி லேபில் ஒரு நண்பன், ஜன்னல் விழிக்கும்போதெல்லாம் “வணக்கம்” என்று ஒரு சின்னப் பெட்டி காட்டும்படி எழுதியிருந்தான். பெட்டி வந்தது. பெட்டி முன்னே வந்ததால் ஜன்னல் அயர்ந்தது. ஓகே அழுத்தினான், பெட்டி போனது, ஜன்னல் விழித்தது. விழித்ததால் “வணக்கம்”. மறுபடி ஓகே, மறுபடி “வணக்கம்”. அந்தப் பெட்டி எதிரே நிற்கும்வரை பின்னாலுள்ள ஜன்னலின் பெருக்கல் குறியைத் தொடவும் முடியாது. நாற்பது வணக்கத்துக்குப் பிறகு எழுந்து வந்த லேப் அசிஸ்டென்ட், ப்ராஸஸ் பட்டியலில் ஜாவாவைத் தேடிப் பிடித்துக் கொன்றார். அப்போது எழுவகையுள் ஒன்றும் நிகழவில்லை. அது புறனடையாற் கொள்க.