அறுபதைத் தாண்டியவருக்குக் கணினி வாங்குவது எப்படி?

பெறுநர்: மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், புது தில்லி.

பொருள்: ஓசூர் வட்டார முதியோருக்கு இணையம் கற்பிக்கக் கணினி தேர்ந்தெடுத்தல் தொடர்பாக.

அரசின் கணக்கில் முதியவர் இரண்டு வகையாக இருக்கிறார். ஓய்வூதியம் வாங்கும்போது, 2014 நவம்பரில் தொடங்கிய ஜீவன் பிரமாண் வழியாகத் தாம் உயிரோடிருப்பதை இணையத்திலேயே மெய்ப்பிக்கத் தக்கவர். அந்த இணையத்தைக் கற்கும்போது அவர் கணக்கிலேயே இல்லை. 2017-இல் ரூ.2,351 கோடி மதிப்பீட்டில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் ஊரக டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம் 14 முதல் 60 வயது வரையுள்ளவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. தொழிலாளர் ஓய்வூதியம் 58-இல் தொடங்குகிறது. ஆக, கற்றுக்கொள்ள முழுதாக இரண்டு ஆண்டுகள் தரப்பட்டன. பயிற்சியோ வெறும் 20 மணி நேரம். அரசைக் குறை சொல்ல இடமில்லை.

ஓசூர்க்காரருக்கு அந்த அவசரமும் இருக்கவில்லை. இயக்கம் கிராமங்களுக்கானது, ஓசூரோ 2019-இல் மாநகராட்சியாகிவிட்டது. 6.39 கோடிப் பேருக்குப் பயிற்சி தந்த கணக்குடன் 2024 மார்ச் 31-இல் இயக்கம் நிறைவுற்றது.

அடுத்த திட்டம் ஒன்று வந்து, அதில் அறுபதைத் தாண்டியவர்கள் தப்பித் தவறி நுழைந்துவிட்டால் கணினி வாங்க வேண்டிவரும். முதலில், மாணவர் யார் என்பது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பின், டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும் டைட்டன் கடிகாரமும் செய்யப்பட்ட ஊர் இது. லேத்தும் சிஎன்சியும் ஓட்டி ஓய்வு பெற்றவர்கள் எந்திரத்துக்கு அஞ்சுகிறவர்கள் அல்லர். அவர்களைத் திணறடிப்பது டபுள் கிளிக்.

அதன் வேகத்தைக் குறைக்கும் வசதி விண்டோஸின் மவுஸ் அமைப்பிலேயே இருக்கிறது. செலவில்லாத காரியம் என்பதால் ஒப்பந்தப்புள்ளியில் அதற்கு இடம் கிடைப்பது கடினம். மவுஸ் பழக, 1990-இல் விண்டோஸ் 3.0-உடன் வந்த சாலிட்டேர் சீட்டாட்டத்துக்கு நிகரான ஆசான் இல்லை. தணிக்கைக்காரர் கேட்டால் ‘இழுத்து விடும் பயிற்சி’ என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

திரை 22 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. எழுத்தை 150 சதவீதமாக்கினாலும் பக்கம் சிதறாமல் தெரிய வேண்டும். மடிக்கணினி மேடையில் கையில் கொடுத்துப் படம் எடுக்க வசதியானது. அந்த நன்மை விழாவோடு முடிந்துவிடும்; டச்பேடும் சிறு எழுத்தும்தான் வகுப்பறைக்கு வந்து சேரும்.

விசைப்பலகைதான் பெரிய சங்கதி. தமிழ்நாட்டு அரசு 1999-இல் ஏற்றது தமிழ்99. மத்திய அரசின் தரம் இன்ஸ்கிரிப்ட். தமிழ் மட்டும் எழுதுகிறவருக்குத் தமிழ்99 கைக்கு எளிது. ஆனால் ஓசூரில் வீட்டில் தெலுங்கு, பள்ளியில் கன்னடம், ஷிப்டில் தமிழ் என்று வாழ்ந்தவர்கள் ஏராளம். இன்ஸ்கிரிப்டில் ‘க’ எந்த விசையில் இருக்கிறதோ, அதே விசையில்தான் கன்னடக் ‘க’வும் தெலுங்குக் ‘க’வும் இருக்கின்றன. ஒரு முறை பழகினால் மூன்று மொழிக்கும் ஆகும். தில்லி போட்ட ஒரு விதி இந்த எல்லையோர ஊருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துவது அபூர்வம். அமைச்சகம் இதைப் பெருமையுடன் குறித்துக்கொள்ளலாம். உருது பேசுவோருக்கு வேறு தளக்கோலம் வேண்டும். எழுதவே சலிப்பவருக்கு ஒரு நல்ல மைக் போதும்.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பெங்களூரு அலுவலகங்கள் கழித்துவிடும் கணினி அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர் வந்துவிடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பழைய பெட்டிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. அவற்றில் லினக்ஸ் ஓடும். அமைச்சகத்தின் கீழுள்ள சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்திய மொழிகளில் கிடைக்கிறது. சொந்தப் பிள்ளைக்கு வேலை கொடுக்க ஒப்பந்தப்புள்ளியும் தேவைப்படாது.

கணினியோடு ஓர் ஆண்ட்ராய்டு கைபேசியும் வகுப்பில் இருக்க வேண்டும். பட்டறையில் தேய்ந்த விரலை ரேகைக் கருவி பல நேரம் அடையாளம் காணாது. 2021 நவம்பர் முதல் உயிர்ச்சான்றுக்கு முகம் காட்டினாலும் போதும், அதற்கான செயலி கைபேசியில்தான் ஓடுகிறது.

ஆகவே, வயது வரம்பை நீக்கும் ஆணையை முதலில் பிறப்பிக்குமாறும், கணினிகளை அதன் பிறகு வாங்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
திட்டத்துக்குத் தகுதியற்ற ஓசூர்வாசிகள்.