உலகத்திலேயே ஒரே புடவை

மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தட்டில் பஜ்ஜி ஆறுவதற்குள் சரி என்று சொன்னவள் என் அண்ணன் மகள். முகூர்த்தப் புடவைக்குத்தான் ஐந்து மாதம் ஆனது. கடையில் எடுக்க மாட்டாளாம். "அதே புடவையை இன்னொருத்தி கட்டிட்டு வந்து பக்கத்துல நின்னா என்ன சித்தப்பா பண்றது?" என்றாள். மாப்பிள்ளையைப் போல ஊரில் நூறு பேர் இருக்கலாம். புடவையைப் போல இன்னொன்று இருக்கக் கூடாது.

சொந்த டிசைன் மணப்பெண் இப்போது தெருவுக்கு ஒருத்தி இருக்கிறாள். செல்போனில் ஆயிரம் படம் வைத்திருப்பாள். ஒன்றில் கரை பிடிக்கும், இன்னொன்றில் முந்தி பிடிக்கும், முழுசாக எதுவும் பிடிக்காது. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து என்று நாம் ஆரம்பித்தால் பரிதாபமாகப் பார்ப்பாள். அவள் கேட்பது 'டஸ்டி ரோஸ்'. எங்கள் அம்மா படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "சாயம் போனதுக்கா இவ்வளவு காசு?" என்றாள்.

எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் ஒரு நீலத்துக்கே 'எம்.எஸ். நீலம்' என்று பெயர் நிலைத்ததை அண்ணன் மகள் எங்கோ கேட்டிருந்தாள். தன் பெயரிலும் ஒரு நிறம் வராதா என்ற நப்பாசையோடு காஞ்சிபுரம் புறப்பட்டாள். வண்டி ஓட்டியது நான். பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரப் பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார். "வெங்காயத்தோல் கலர்" என்றார். பெயர் சூட்டு விழா அதோடு முடிந்தது.

ஆனால் அவள் தளரவில்லை. கோர்வை நெசவுதான் வேண்டும் என்றாள். கோர்வை சும்மா இல்லை. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று என்று மூன்று நாடா ஓட வேண்டும். கரை நாடாவைத் தள்ள நெய்கிறவர் பக்கத்தில் இன்னோர் ஆளும் உட்கார வேண்டும்.

"கரையில யானை வரணும். மேல நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்கணும். முகம் நல்லாத் தெரியணும்."

"யாருக்கு பாப்பா, யானைக்கா?"

எல்லோருக்கும் என்றாள். அதற்குப் புதிதாக அட்டை குத்த வேண்டும், தனிக்காசு ஆகும் என்றார் பெரியவர். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அந்த ஐந்து மாதமும் அவர் பேசவில்லை, பணம் மட்டும்தான் கொடுத்தார்.

"ஆனா ஒண்ணு. உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கணும்."

"அது முடியாது பாப்பா. தறியில பாவு ஏத்தினா மூணு புடவை இறங்கும்."

பஞ்சாயத்து ஒரு மணி நேரம் நடந்தது. கடைசியில் மற்ற இரண்டையும் வெளியாள் கைக்குப் போகாமல் நாமே வாங்கிப் பூட்டிவைப்பது என்று முடிவாயிற்று. அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார், தண்ணீர் கேட்க.

ரவிக்கை இன்னொரு ராமாயணம். முதுகில் ஆரி வேலையில் ஒரு பல்லக்கு. அதற்குள்ளும் அவர்கள் இருவரே. இடுப்பில் குழந்தையைப் போல அளவு ரவிக்கையைச் சுமந்துகொண்டு என் மன்னி தையல்கடைக்கும் வீட்டுக்கும் ஒரு மாதம் நடந்தாள்.

முகூர்த்த நாளும் வந்தது. கழுத்து முதல் இடுப்பு வரை மாலை. இடுப்பில் ஒட்டியாணம். முதுகுப் பல்லக்கின் மேல் பூச்சடை. மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்ததும் யானைகள் எல்லாம் மடிப்புக்குள் படுத்துக்கொண்டன. ஐந்து மாத உழைப்பில் வெளியே தெரிந்தது ஒரு முழம் தோள்பட்டை.

கெட்டிமேளம் கொட்டியது. மூன்றாவது முடிச்சைப் போட நாத்தனார் வந்து குனிந்தாள். மணப்பெண் நிமிர்ந்து பார்த்தாள். வெங்காயத்தோல் கலர். மாலை இல்லை, மடிப்பு இல்லை. கரை முழுக்கப் பளிச்சென்று யானை. அதன்மேல் மாப்பிள்ளையும் மணப்பெண்ணும்.

சும்மா பெட்டியில் கிடக்கிறதே என்று மன்னி இரண்டையும் இரண்டு நாத்தனார்களுக்கும் சீரில் வைத்துவிட்டாளாம். மணையில் உட்கார்ந்துகொண்டு நாத்தனாரை என்ன சொல்ல முடியும்? "ரொம்ப நல்லா இருக்கு அண்ணி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆல்பத்தில் யானை தெரியும் படம் அது ஒன்றுதான்.